அடைக்கலப் பொருள்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. முதல் அத்தியாயத்தில் குற்றம் செய்த ஆசாமியைக் கடைசி அத்தியாயத்தில் கம்பி எண்ண வைத்து விடலாம். வாசகர்களும் திருப்தியுடன் புத்தகத்தை மூடி வைத்து விட்டுத் தூங்கப் போவார்கள். சரித்திரத்துக்கு இந்தத் தாட்சண்யமெல்லாம் கிடையாது. அது திருடனைப் பிடித்துக் கோர்ட்டிலே கொண்டு வந்து நிறுத்தும். சாட்சிகளை வரிசையாகக் கூண்டில் ஏற்றும். அப்புறம், "இது குற்றம் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?" என்று கேட்டு, ஆசாமியை வெளியே அனுப்பி விடும். அத்துடனாவது நிற்குமா? அவனை மகா கோடீசுவரனாகவும் ஆக்கி விட்டுத்தான் ஓயும்.

இது நான் கற்பனை செய்து சொல்லும் சமாசாரம் அல்ல. 1837-ஆம் வருஷம் பிரான்சு தேசத்தில், தூர் என்ற ஊரில், மெய்யாகவே நடந்த வழக்கு.

இந்தக் காலத்தில் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்து வாடிக்கைக்காரர்களின் விவரங்களைத் திருடிக் கொண்டு போகிறார்கள். அதைத் தடுக்க ஒவ்வொரு தேசத்திலும் சட்டம் செய்கிறார்கள். அந்தச் சட்டங்களுக்குப் பொருள் சொல்லி, "முதலாளி, நீங்கள் இன்னின்னது செய்ய வேண்டும், இன்னின்னது செய்யக் கூடாது" என்று ஆலோசனை கூறுவதற்கென்றே தனியாக வக்கீல்கள் இருக்கிறார்கள். இதெல்லாம் நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு என்னவோ அப்படித் தோன்றவில்லை. மின்சாரம் தந்திக் கம்பியில் ஓடுவதற்கு முன்பே இந்தக் கதை ஆரம்பமாகி விட்டது.

பிரெஞ்சுப் புரட்சி நடந்த காலத்தில் கிளாட் ஷாப்பே என்ற ஒருவர் ஒரு விசித்திரமான யந்திரத்தைக் கண்டுபிடித்தார். குன்றுகளின் மேலும் கோபுரங்களின் மேலும் உயரமான கம்பங்களை நட்டார். ஒவ்வொரு கம்பத்தின் உச்சியிலும் ஒரு குறுக்குச் சட்டம். அதன் இரு முனைகளிலும் இரண்டு கைகள். கயிற்றை இழுத்தால் சட்டமும் கைகளும் பல கோணங்களில் திரும்பும். ஒவ்வொரு கோலத்துக்கும் ஓர் அர்த்தம். ஒரு கம்பத்தில் தோன்றும் கோலத்தை, சுமார் 10 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அடுத்த கம்பத்துக்காரன் தூரதிருஷ்டிக் கண்ணாடியால் பார்த்து, அப்படியே தன் கம்பத்தில் செய்து காட்டுவான். அவனைப் பார்த்து அதற்கடுத்தவன் செய்வான். இப்படியாகப் பாரிஸிலிருந்து புறப்பட்ட செய்தி, குதிரை ஒரு காத தூரம் ஓடுவதற்குள் தேசத்தின் எல்லைக்குப் போய்விடும். 1794-ல் பாரிஸுக்கும் லீல் நகரத்துக்கும் இடையே முதல் வரிசை ஏற்பட்டது. பிறகு தேசம் முழுவதும் பரவியது.

இந்த ஏற்பாட்டில் ஓர் அழகு என்னவென்றால், கம்பத்துக்காரனுக்குத் தான் அனுப்பும் செய்தி இன்னதென்று தெரியாது. சங்கேதப் புத்தகம் பெரிய நிலையங்களின் அதிகாரிகளிடம் மட்டுமே இருக்கும். கம்பத்துக்காரன் பொம்மலாட்டக்காரனைப் போலக் கயிற்றை இழுப்பான், அவ்வளவுதான். வானத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படியாகச் செய்தி போகும். ஆனால் ஒருவருக்கும் புரியாது. ரகசியத்தைக் காப்பாற்ற இதைவிட என்ன வேண்டும் என்று சர்க்கார் நிம்மதியாக இருந்தது. யந்திரம் முழுவதும் சர்க்காரின் உபயோகத்துக்குத்தான். வியாபாரிகள் வழக்கம் போலத் தபால் வண்டியை எதிர்பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதுதான்.

போர்தோ நகரத்தில் பிளாங் என்ற குடும்பப் பெயர் கொண்ட சகோதரர்கள் இருவர் இருந்தார்கள். சர்க்கார் கடன் பத்திரங்களை வாங்கி விற்பது அவர்கள் தொழில். அந்தப் பத்திரங்களின் விலை பாரிஸில் ஏறினால் போர்தோவிலும் ஏறும். அங்கே இறங்கினால் இங்கேயும் இறங்கும். ஆனால் அங்கே ஏறிய செய்தி 500 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து தபால் வண்டியில் வந்து சேர்வதற்குள் நாட்கள் ஓடிவிடும். அந்தச் சில நாட்களுக்குள், ஏறப் போகிறதா இறங்கப் போகிறதா என்று ஒருவனுக்கு மட்டும் தெரிந்து விட்டால்? அவன் வீட்டில் லக்ஷ்மி தாண்டவமாடுவாள் அல்லவா?

பிளாங் சகோதரர்கள் செய்த யுக்தியைக் கேளுங்கள். பாரிஸில் அவர்களுக்கு ஒரு கையாள் இருந்தான். பத்திர விலை பலமாக ஏறினாலோ இறங்கினாலோ, அவன் தூர் நகரத்துக்குத் தபாலில் ஒரு சிறு பொட்டலம் அனுப்புவான். பிரித்துப் பார்த்தால் காலுறை, கையுறை மாதிரி ஏதாவது துணிமணி இருக்கும். சந்தேகப்படுகிறவர்களுக்கு அது வெறும் துணி. விஷயம் தெரிந்தவனுக்கு அதுவே செய்தி. விஷயம் தெரிந்தவன் யார் என்றால், தூர் நகரத்துக் கம்பத்தில் கயிறு இழுக்கும் சர்க்கார் சேவகன். அவன் என்ன செய்வான்? போர்தோவுக்குப் போகும் சர்க்கார் செய்தியின் நடுவே வேண்டுமென்றே ஒரு தப்பான கோலத்தைக் காட்டுவான். உடனே, "முன்னது தவறு, தள்ளிவிடு" என்பதற்குரிய அடையாளத்தையும் காட்டி விடுவான். வழியிலுள்ள கம்பத்துக்காரர்கள் தப்பையும் திருத்தத்தையும் ஒழுங்காக மேலே அனுப்புவார்கள். போர்தோவில் செய்தியை எழுதும் அதிகாரி தப்பான எழுத்தை அடித்து விடுவார். ஆனால் ஊருக்குள் ஒரு ஜன்னலருகே உட்கார்ந்து கம்பத்தையே பார்த்துக் கொண்டிருக்கும் இன்னொரு கையாளுக்கு அந்தத் தப்புத்தான் முக்கியம். மற்ற செய்தியெல்லாம் அவனுக்குக் குப்பை.

பாரிஸிலேயே தப்பைச் செருகாமல் ஏன் தூர் நகரத்தில் செருகினார்கள் என்று கேட்கலாம். தூர் நிலையத்தில் ஓர் அதிகாரி இருந்து, பாரிஸிலிருந்து வரும் செய்தியைப் பிரித்துப் படித்து, தப்புக்களைக் களைந்து, மறுபடி அனுப்புவார். பாரிஸில் செருகினால் அங்கே களையெடுத்து விடுவார்கள். ஆகையால் களையெடுக்கும் இடத்துக்கு அப்பால் விதை போட்டார்கள்! காவல் எங்கே முடிகிறதோ அங்கே கன்னம் வைக்கிறவன்தான் கெட்டிக்காரத் திருடன்.

1834-லிருந்து 1836 வரை, இரண்டு வருஷ காலம், ஒருவருக்கும் சந்தேகம் தட்டாமல் இந்தக் காரியம் நடந்தது. கடைசியில் வெளிப்பட்டதும் அதிகாரிகளின் சாமர்த்தியத்தால் அல்ல. தூர் கம்பத்துக்காரன் நோயில் விழுந்தான். தனக்குப் பதிலாக இந்த வருமானத்தைத் தன் சிநேகிதன் ஒருவன் பெறட்டுமே என்று நினைத்து அவனிடம் விஷயத்தைச் சொன்னான். ரகசியம் வெளியே வந்து விட்டது.

1837-ல் விசாரணை நடந்தது. தேசமெல்லாம் பேச்சாக இருந்தது. ஆனால் தனிப்பட்ட மனிதர் கம்பத்தின் வழியாகச் செய்தி அனுப்பக் கூடாது என்று அதுவரை எந்தச் சட்டமும் சொல்லவில்லை. யாரும் செய்யக் கூடும் என்று நினைத்திருந்தால்தானே தடுத்திருப்பார்கள்! சகோதரர்கள் வழக்குச் செலவைக் கட்டியதோடு வீடு திரும்பினார்கள். அவர்களில் ஒருவரான பிரான்சுவா பிளாங், பிற்பாடு ஜெர்மனியில் ஹோம்பர்க் நகரத்தில் சூதாட்ட மாளிகை நடத்தினார். 1863-ல் மொனாக்கோவின் சூதாட்ட உரிமையைக் கைக்கொண்டார். இன்றைக்கும் உலகத்துப் பணக்காரர்கள் போய்க் காசைத் தொலைக்கிறார்களே, அந்த மாண்டி கார்லோவை உருவாக்கிய மகானுபாவர் சாக்ஷாத் இவர்தான்!

வழக்கு முடிந்த கொஞ்ச நாளிலேயே, 1837 மே மாதத்தில், பிரெஞ்சு சர்க்கார் புதிய சட்டம் கொண்டு வந்தது. அனுமதியில்லாமல் தந்தி யந்திரத்தாலோ வேறெந்த வழியாலோ தூரத்துக்குச் செய்தி அனுப்புகிறவனுக்கு ஒரு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை சிறைவாசம். 1,000 முதல் 10,000 பிராங்கு வரை அபராதம்.

குதிரை ஓடிய பிறகு லாயத்தைப் பூட்டினார்கள் என்று சிரிக்கலாம். ஆனால் எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுவது வேறு. பிளாங் சகோதரர்களால் நஷ்டப்பட்டவர்கள் யார்? சர்க்காரா? இல்லை. விலை இறங்கப் போவது தெரியாமல் அவர்களிடம் பத்திரம் வாங்கிய போர்தோ வியாபாரிகள். ஏறப் போவது தெரியாமல் விற்றுத் தொலைத்தவர்கள். அவர்களைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வார்த்தை கிடையாது. "கம்பம் என்னுடையது, வேறு யாரும் தொடாதே" என்று சர்க்கார் தன் சொத்துக்கு வேலி போட்டுக் கொண்டது. நம்பி ஏமாந்தவனைப் பற்றி யோசிக்க அந்தச் சட்டத்துக்கு நேரமில்லை.

வழக்கு நடந்து ஏழெட்டு வருஷங்களுக்குள் அலெக்சாண்டர் டூமா 'மாண்டி கிறிஸ்டோ பிரபு' கதையை எழுதினார். நம்மில் பலர் அதை இளம் வயதில் இரவெல்லாம் கண் விழித்துப் படித்திருப்போம். அதில் பிரபு ஒரு தந்திக் கம்பத்துக்குப் போகும் இடம் ஞாபகமிருக்கிறதா? கம்பத்துக்காரன் ஒரு பரம சாது. அவனுடைய கவலையெல்லாம் தன் சிறு தோட்டத்தைப் பற்றித்தான். பிரபு அவன் கையில் பெருந்தொகையைத் திணித்து, பொய்யான மூன்று கோலங்களைக் காட்டச் செய்கிறார். ஸ்பெயினில் கலகம் என்ற பொய்ச் செய்தி பாரிஸுக்குப் போகிறது. பிரபுவின் சத்துருவான பாங்கிக்காரர் பயந்து போய்ப் பத்திரங்களை விற்றுப் பெருநஷ்டம் அடைகிறார். அந்தக் கம்பத்துக்காரன் பேச்சில் ஒரு விஷயம் மறக்க முடியாதது. தான் காட்டும் கோலத்தின் அர்த்தம் தனக்குத் தெரியாது என்பதில் அவனுக்கு வருத்தமே இல்லை. தெரியாவிட்டால் பொறுப்பும் இல்லையே என்பதில்தான் அவனுக்கு ஆனந்தம்.

'என் கை வழியாகப் போகிறது. ஆனால் எனக்குப் பொறுப்பில்லை.' இந்த எண்ணத்தை உடைப்பதற்குத்தான் சட்டம் அதற்குப் பிறகு இத்தனை வருஷமும் பாடுபட்டிருக்கிறது என்று சொல்வேன். திருடனைத் தேடி ஓடிய சட்டம், மெள்ள மெள்ளத் திரும்பி, பொருளை வைத்திருந்தவனைப் பார்த்து, "ஐயா, நீர் ஏன் கதவைத் திறந்து வைத்திருந்தீர்?" என்று கேட்க ஆரம்பித்தது. வியாபாரிகளுக்கு இப்போது வக்கீல்கள் சொல்லும் ஆலோசனையெல்லாம் இந்த ஒரு கேள்விக்குத் தயாராக இருப்பதற்குத்தான்.

இந்தக் கேள்வியின் வேர் இங்கிலாந்தில் ஒரு சாராயப் பீப்பாயில் இருக்கிறது. பெர்னார்டு என்பவர், காக்ஸ் என்பவருடைய பிராந்திப் பீப்பாய்களை ஒரு நிலவறையிலிருந்து எடுத்து வேறொரு நிலவறையில் வைப்பதாக ஒப்புக் கொண்டார். கூலி ஒன்றும் பேசவில்லை. அஜாக்கிரதையாக இறக்கியதில் ஒரு பீப்பாய் உடைந்து, உள்ளே இருந்தது தரையில் ஓடிவிட்டது. "நான் காசு வாங்கவில்லையே, என்னை எப்படிக் கேட்கலாம்?" என்பது பெர்னார்டின் கட்சி. 1703-ல் பிரதம நீதிபதி ஹோல்ட் முதலானவர்கள் அதை ஏற்கவில்லை. பிறர் பொருளை நம்பிக்கையின் பேரில் கையில் வாங்கிய பிறகு, அதை ஜாக்கிரதையாகக் காப்பாற்றியே தீர வேண்டும். கூலி இல்லை என்பது சாக்கு ஆகாது என்று தீர்ப்பளித்தார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் 'அடைக்கலக் காதை' என்றே ஒரு காதை இருக்கிறது. கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர் குலத்து மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். பிறகு நடந்த அநியாயத்தில் மாதரிக்கு எள்ளளவும் பங்கில்லை. இருந்தும் அடைக்கலத்தைக் காக்கத் தவறினோமே என்று அவள் தீயில் புகுந்து உயிர் விடுகிறாள். அடைக்கலப் பொருள் என்றால் சொந்தப் பொருளைவிட ஒரு படி அதிகம் என்பது நம்முடைய பழைய எண்ணம்.

ஆனால் பீப்பாய் கண்ணுக்குத் தெரியும் பொருள். தகவல் அப்படியா? திருடு போன பிறகும் அது இருந்த இடத்திலேயே இருக்கும்! இந்த விசித்திரமான சொத்தை அடைக்கலமாகக் கருத முடியுமா என்ற கேள்வி சாமானியன் வீட்டிலிருந்து வரவில்லை. விக்டோரியா மகாராணியின் அரண்மனையிலிருந்து வந்தது. ராணியும் அவருடைய கணவர் ஆல்பர்ட்டும் பொழுது போக்காகச் செப்புத் தகடுகளில் படம் செதுக்குவார்கள். குழந்தைகள், செல்லப் பிராணிகள், நெருங்கிய மனிதர்கள் என்று வீட்டுப் படங்கள். சில பிரதிகள் எடுப்பதற்காகத் தகடுகளை வின்ட்ஸரிலிருந்த ஓர் அச்சுக்காரரிடம் கொடுத்தார்கள். அவரிடம் வேலை செய்த ஆள் சில பிரதிகளை அதிகமாக எடுத்துக் கொண்டு விட்டான். அவை கை மாறி, ஸ்டிரேஞ்ச் என்ற பிரசுரகர்த்தர் அந்தப் படங்களைப் பற்றிய விவரப் பட்டியல் ஒன்றை அச்சிடும் அளவுக்குப் போய் விட்டது. ஆல்பர்ட் கோர்ட்டுக்குப் போனார்.

ஸ்டிரேஞ்சின் வாதத்தில் சாமர்த்தியம் இல்லாமல் இல்லை. "நான் படத்தை அச்சிடவில்லையே, படத்தில் என்ன இருக்கிறது என்றுதானே சொல்கிறேன்?" என்றார். 1849-ல் கோர்ட்டு அந்தப் பட்டியலையும் தடுத்து விட்டது. நம்பிக் கொடுத்த இடத்தில் நம்பிக்கை மீறப்பட்டு வெளியே வந்த விவரத்தை, மூன்றாம் மனிதன்கூட வைத்துப் பிழைக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பொருள் மட்டும் அல்ல, பொருளைப் பற்றிய சேதியும் அடைக்கலம்தான் என்று ஆயிற்று. இன்னொன்றையும் கவனியுங்கள். கசிவு ஏற்பட்டது அரண்மனையில் இல்லை. அரண்மனை யாரிடம் வேலையை ஒப்படைத்ததோ அங்கேதான்.

ஒரு நூற்றாண்டு கழிந்தது. கம்ப்யூட்டர் வந்தது. ஊரிலுள்ள எல்லோருடைய விவரத்தையும் ஓர் அறைக்குள் அடைத்து வைக்க முடியும் என்று ஆயிற்று. இதற்கென்று உலகத்திலேயே முதல் சட்டம் 1970-ல் ஜெர்மனியில் ஹெஸ்ஸே மாகாணத்தில் பிறந்தது. தேசம் முழுமைக்குமான முதல் சட்டத்தை 1973-ல் ஸ்வீடன் செய்தது. இவை முக்கியமாக, விவரங்களைத் திரட்டுகிறவன் இஷ்டத்துக்குத் திரட்டக் கூடாது என்று கடிவாளம் போட்டன.

திருட்டுப் போனால் பறி கொடுத்தவனிடம் சொல்லியாக வேண்டும் என்ற எண்ணம் வருவதற்கு இன்னும் முப்பது வருஷம் ஆயிற்று. 2002-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், சர்க்கார் ஊழியர்களின் சம்பளக் கணக்கு இருந்த கம்ப்யூட்டருக்குள் யாரோ ஏப்ரல் மாதத்தில் புகுந்தார்கள். சுமார் 2,65,000 ஊழியர்களின் பெயர், அடையாள எண் முதலிய விவரங்கள் அதில் இருந்தன. அந்த ஊழியர்களுக்குத் தகவல் கிடைத்ததோ மே மாதம் பாதிக்கு மேல் ஆன பிறகு. இதற்குள் அவர்கள் பெயரில் யாராவது கடன் வாங்கியிருந்தால்? வெகுண்டு எழுந்த சட்டசபை, "விவரம் திருட்டுப் போனால் சம்பந்தப்பட்டவர்களுக்குத் தாமதமின்றிச் சொல்" என்று அந்த வருஷமே சட்டம் செய்தது. 2003 ஜூலையில் அது அமலுக்கு வந்தது. அதைப் பார்த்து அமெரிக்காவின் மற்ற மாகாணங்களும் ஒவ்வொன்றாக இதே மாதிரி சட்டங்களைச் செய்து கொண்டன.

சிறிய சட்டந்தான். ஆனால் வியாபார உலகத்தை அது ஒரு குலுக்குக் குலுக்கி விட்டது. அதுவரை, கதவு உடைந்தால் ஓசைப்படாமல் சார்த்திக் கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று முதலாளிகள் எண்ணியிருந்தார்கள். இனிமேல் அது குற்றம். வெட்கத்தை வெளியே சொல்லியே ஆக வேண்டும் என்றால் மனிதன் முன்கூட்டியே பூட்டு வாங்குவான் அல்லவா?

எல்லோரும் பூட்டு வாங்கினார்களா என்றால் இல்லை. அமெரிக்காவின் பெரிய கடை நிறுவனமான டார்கெட்டில் 2013-ஆம் வருஷக் கடைசியில், பண்டிகைக் கூட்டம் அலை மோதிய சமயத்தில், சுமார் 4 கோடிப் பண அட்டைகளின் விவரங்கள் களவு போயின. திருடர்கள் முன் வாசலால் வரவில்லை. கடைகளில் குளிர்சாதன வேலை செய்து கொடுத்து வந்த ஒரு சிறு ஒப்பந்தக்காரரிடமிருந்து அவருடைய கம்ப்யூட்டர் சாவியைத் திருடி, அதைக் கொண்டு உள்ளே நுழைந்தார்கள். காவலுக்கு வைத்திருந்த கருவி எச்சரிக்கை கொடுத்தும் உடனே நடவடிக்கை எடுக்கப்படவில்லை. 2017-ல் நிறுவனம் 47 மாகாணங்களுடன் சமரசம் செய்து கொண்டு 1 கோடியே 85 லட்சம் டாலர் கட்டியது. வாடிக்கைக்காரர்கள் நம்பிக் கொடுத்தது டார்கெட்டிடம். ஆகையால் பதில் சொல்ல வேண்டியதும் டார்கெட்தான். "குளிர்சாதனக்காரனைப் போய்க் கேளுங்கள்" என்று சொல்லித் தப்ப முடியவில்லை.

தூர் நகரத்துக் கம்பத்துக்காரன், வின்ட்ஸர் அச்சுக் கூடத்து வேலையாள், குளிர்சாதன ஒப்பந்தக்காரர். இந்த மூன்று பேரும் கோட்டைக்குள் இருந்த ராஜாக்கள் அல்ல. கோட்டைச் சுவரில் இருந்த சிறு திட்டி வாசல்கள். யந்திரம் எவ்வளவு மாறினாலும் திருடன் தேடுவது அந்த வாசலைத்தான்.

நம் தேசத்துக்கு வருவோம். 1885-ல் வெள்ளைக்காரர்கள் செய்த தந்திச் சட்டத்தில், செய்தியை மாற்றுகிற அல்லது வெளியிடுகிற தந்தி உத்தியோகஸ்தருக்கு மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனை இருந்தது. பிளாங் வழக்கில் இல்லாமற்போன சட்டம் இங்கே எழுத்தில் இருந்தது என்று சொல்லலாம். ஆனால் தண்டனை சேவகனுக்குத்தான். அந்தத் தந்தியும் 2013 ஜூலையில் கடைசி முறையாகக் 'கட் கட' என்று அடித்து ஓய்ந்தது.

2000-ஆம் வருஷத்தில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தது. 2008-ல் அதைத் திருத்தி 43ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வாடிக்கைக்காரரின் முக்கியமான விவரங்களை வைத்திருக்கும் கம்பெனி அசட்டையாக இருந்து, அதனால் அவருக்கு நஷ்டம் நேர்ந்தால், கம்பெனி ஈடு செய்ய வேண்டும் என்றது அது. பீப்பாய் வழக்கு கம்ப்யூட்டருக்குள் நுழைந்து விட்டது! 2017 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாக, அந்தரங்கம் இந்தியப் பிரஜையின் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2023-ல் தனிமனிதர் விவரங்களைக் காப்பதற்கென்றே பார்லிமெண்டு புதிய சட்டம் இயற்றியது. 2025 நவம்பரில் அதற்குரிய விதிகள் வெளியாயின. வியாபாரிகளின் கடமைகளில் பெரும்பாலானவை அதிலிருந்து 18 மாதம் கழித்து அமலாகும்படி தவணை கொடுத்திருந்தார்கள்.

இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அது வைத்திருக்கும் பெயர்தான். விவரங்களைத் திரட்டும் கம்பெனிக்கு 'உரிமையாளர்' என்று பெயர் வைக்கவில்லை. பிறர் பொருட்டு நம்பிக்கையின் பேரில் வைத்திருப்பவர் என்று பொருள்படும் சொல்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மாதரியின் உத்தியோகம் என்று வைத்துக் கொள்ளுங்களேன்! விவரத்துக்குச் சொந்தக்காரர் யாரோ அவர்தான் முதல்வர்.

கடமைகளும் அந்தப் பெயருக்கு ஏற்றபடியே இருக்கின்றன. இன்ன காரியத்துக்காக இன்ன விவரம் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, தமிழ் உட்பட அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 பாஷைகளில் ஒன்றிலோ பெறுவதற்கு வழி இருக்க வேண்டும். காரியம் முடிந்தால் விவரத்தை அழித்து விட வேண்டும். விவரங்களைச் சங்கேதமாக மாற்றிப் பூட்டி வைக்க வேண்டும். யார் பார்க்கலாம் என்று வரையறுக்க வேண்டும். யார், எப்போது பார்த்தார்கள் என்ற குறிப்பை ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும். வேலையை வெளியாரிடம் ஒப்படைத்தாலும் பொறுப்பு ஒப்படைத்தவருடையதே. களவு போனால் சொந்தக்காரர்களுக்குத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். இதற்கென ஏற்பட்ட வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் விவரமான அறிக்கை கொடுக்க வேண்டும். காவலில் அசட்டையாக இருந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம்.

பலே என்று கை தட்டத் தோன்றுகிறது. தட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் பொறுங்கள். அந்த 250 கோடி யாருக்குப் போகிறது? சர்க்கார் கஜானாவுக்கு. பறி கொடுத்தவருக்கு அதில் ஒரு காசும் இல்லை. நஷ்ட ஈடு கேட்க வழி வகுத்த பழைய 43ஏ பிரிவையும் நீக்கி விடுவதற்குப் புதிய சட்டமே ஏற்பாடு செய்திருக்கிறது. 1837-ல் போர்தோ வியாபாரியை மறந்தார்களே, கிட்டத்தட்ட அதே மறதிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அடைக்கலம் வாங்கியவனைத் தண்டிக்கிறோம். அடைக்கலம் கொடுத்தவனை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்புகிறோம். பீப்பாய் உடைந்த வழக்கில் பணம் பீப்பாய்க்காரருக்குப் போயிற்று, ராணியின் பொக்கிஷத்துக்குப் போகவில்லை. முன்னூறு வருஷத்துக்கு முந்திய அந்த நியாயத்தை நாமும் ஒரு நாள் எட்டிப் பிடித்தாக வேண்டும்.

அதுவரையில்? வியாபாரம் செய்கிறவர்களுக்கு வக்கீல்கள் நூறு பக்கத்தில் எழுதிக் கொடுப்பதைச் சரித்திரம் ஒரே வரியில் சொல்லி விடுகிறது: உங்களிடம் இல்லாததை யாரும் திருட முடியாது. இரண்டு புடவை வாங்க வந்த அம்மாளிடம் போன் நம்பர், பிறந்த தேதி, கல்யாண நாள் எல்லாம் கேட்டு வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றும் போது, அதெல்லாம் கடைக்குக் கிடைத்த லாபம் என்று நினைக்கிறார்கள். லாபம் அல்ல, ஐயா, பாரம்! அத்தனையும் பிறத்தியார் வீட்டு நகை. பெட்டியில் எவ்வளவு அதிகமாகச் சேர்கிறதோ, அவ்வளவுக்கு இரவில் விழித்திருக்க வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பில் போடும் இடத்தில், "நம்பர் சொல்லுங்க" என்று அந்தப் பெண் கேட்டால், "எதற்கு அம்மா?" என்று சிரித்துக் கொண்டே கேளுங்கள். அவள் மேல் கோபித்துக் கொள்ளாதீர்கள். அவள் பாவம், கம்பத்துக்காரி. எதற்கு என்று அவளுக்கும் தெரியாது. ஆனால் நாலு பேர் கேட்டால் அவள் முதலாளியிடம் போய்க் கேட்பாள். அவருக்கும் தெரியவில்லை என்றால், அந்த நம்பரை வாங்காமல் இருப்பதுதான் அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.